குடமுருட்டி சேர்ந்த வியாழக்கிழமை

செப்டம்பர் 15, திங்கள்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். “மறுபடி முயற்சி செய்யுங்கள்” என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன்.

உதவி மேசையில் உட்காருகிறவர் யார் அழைத்தாலும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் அது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் இது தவறுதானா என்பதே எனக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. இரண்டு தரம் யோசித்த பிறகு, தவறுதான் என்று எழுதுகிறேன்.

அழைத்தவர் லஸ்கர் ரெத்தினம். வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவரை எங்கள் பக்கத்தில் இன்னமும் லஸ்கர் என்றுதான் சொல்கிறார்கள். அவருடைய ஷட்டர் சீர்காழிக்குக் கிழக்கே, பூம்புகார் போகும் வழியில், கடைமடையில் இருக்கிறது. அந்தக் கிளை வாய்க்காலுக்கு இன்று காலை தண்ணீர் முறை தொடங்கியது. சனிக்கிழமை மாலையோடு முறை முடியும். அதற்குள் ஷட்டர் திறந்தால் தண்ணீர் பாயும். இல்லையென்றால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும்.

“மேடம், மூஞ்சியக் காட்டினேன். போனுக்கு நம்பர் வந்துச்சு. நம்பரப் போட்டேன். நீ யாருன்னு கேக்குது.”

“மறுபடி முயற்சி செய்யுங்க அண்ணே.”

“மறுபடி மூஞ்சியக் காட்டணுமா?”

“ஆமாங்க.”

“அதே மூஞ்சிதான் மேடம் இருக்கு.”

அதே மூஞ்சியைக் காட்டினார். மறுபடியும் ‘தாங்கள் யாரென உறுதி செய்ய இயலவில்லை’ என்று வந்தது. நான் ‘தீர்வு வழங்கப்பட்டது’ என்று பதிந்தேன். கணினியில் வேறு எதையும் பதிய இடமில்லை.

சாப்பாட்டு நேரத்தில்தான் விதிகளைப் படித்தேன். ஒரு தண்ணீர் முறைக்குள் மூன்று தடவை தவறான எண்ணைப் போட்டால், அந்த முறை முடியும்வரை அந்த ஆள் உள்ளே நுழைய முடியாது. இதற்கு ‘குளிர்விப்புக் காலம்’ என்று பெயர். அவருக்கு இனி ஒரு தடவைதான் மிச்சம். நடுவிலிருந்த ஒன்றை நான்தான் செலவழித்தேன்.

நான் வேலை பார்க்கும் இடம் மதகு அடையாள உறுதி ஆணையம். முன்பெல்லாம் லஸ்கர் இரும்புச் சாவியைத் திருகுத்தண்டில் மாட்டிச் சுற்றுவார். ஷட்டர் மேலே ஏறும். சுற்றுகிறவர் உண்மையிலேயே லஸ்கர்தானா என்று தண்ணீர் கேட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே ஆணையம் தோன்றியது. இப்போது ஷட்டருக்கு மோட்டார் வந்துவிட்டது. லஸ்கர் கைப்பேசியில் தன்னை நிரூபித்தால் மோட்டார் ஓடும். டெல்டா முழுவதிலிருந்தும் வாங்கி வந்த இரும்புச் சாவிகளை எங்கள் முகப்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, ‘கடந்த காலம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் முதல் அழைப்பே ரெத்தினத்தின் எண்ணிலிருந்துதான். பேசியது ஓர் அம்மாள். பெயர் தங்கம்மாள், அந்த வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது.

“ஏம்மா, ரெத்தினத்த மறுபடி மூஞ்சி காட்டச் சொன்ன பொண்ணு நீதானா?”

“ஆமாங்க.”

“அந்த மூஞ்சி ஒங்க மெஷினுக்குப் புடிக்கலன்னா சொல்லு, என் மூஞ்சியக் காட்டுறேன். என்னோடது கொஞ்சம் தேவலாம்.”

பின்னால் ரெத்தினம் சிரிப்பது கேட்டது. தங்கம்மாள் சிரிக்கவில்லை.

“ஆறு மா நெலம். பக்கத்து போர்ல எரவல் தண்ணி வாங்கி நாத்து விட்டேன். இப்பவே நாத்துக்கு வயசாயிருச்சு. இந்த மொறையில தண்ணி வரலன்னா முத்திப் போயிரும். முத்துன நாத்து தூர் கட்டாது, மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும். எங்க மாமனாரு காலத்துல இன்னொருத்தர் வயல்ல நட்டோம். இது எங்க வயலு. இதுல நடாம உட்காந்திருக்கச் சொல்றியா?”

“எத்தனை நாள் தண்ணீர் வேணுங்க?”

“நாளா? ஒரு பகல் பாஞ்சாப் போதும். சேறடிச்சு நட்டுருவேன். நடவு ஆளுக்கெல்லாம் சொல்லி வச்சாச்சு. இவன ஸ்பேனரப் போட்டுத் திருகுடான்னா, வழுக்குதுங்குறான். சாவி இருந்தா கொஞ்ச நேரத்து வேல. சாவியெல்லாம் நீங்கதான வாங்கிட்டுப் போனீங்க?”

“ஆமாங்க.”

“அத வச்சு என்னா பண்றீங்க?”

பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். பொய்யில்லை.

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் கணினி வகுப்பில் இன்றைய பாடம், ஒரு சர்வரால் தாங்க முடியாத வேண்டுகோள்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது. எங்கள் ஆணையத்திலும் அப்படித்தான். எங்கேயோ வாடகைக்கு எடுத்த மூன்று சர்வர்கள், எல்லாம் மேகக் கணினியில். அவற்றின் பெயர்கள் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம். அவற்றுக்கு முன்னால் நின்று பிரித்து அனுப்பும் கருவிக்குக் கல்லணை என்று பெயர். ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் அதிகாரி, ஒரு ஜீப். வேண்டுகோளை நாங்கள் தட்டல் என்போம்; கல்லணை அதை முறை வைத்து அனுப்பும்: ஒரு தட்டல் காவிரிக்கு, அடுத்தது வெண்ணாற்றுக்கு, அடுத்தது கொள்ளிடத்துக்கு, மறுபடி காவிரிக்கு.

ஒருவர் உள்ளே நுழைய இரண்டு தட்டல் வேண்டும். முகத்தைக் காட்டுவது முதல் தட்டல். வந்த எண்ணைத் திருப்பிச் சொல்வது இரண்டாவது. எண்ணைக் கொடுத்த சர்வரே அதைத் திருப்பி வாங்கவும் வேண்டும். ஆகவே ஒருவர் உள்ளே நுழைந்து முடிக்கும்வரை அவரை ஒரே சர்வரிடமே விட வேண்டும் என்று ஆசிரியர் பலகையில் எழுதினார். நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே வைத்துவிட்டேன்.

பக்கத்து இருக்கை ஆஸிமிடம் எங்கள் ஆபீஸ் முறையைச் சொன்னேன். பகலில் மொபைல் கடை வைத்திருப்பவன். எதையும் கடையாகத்தான் பார்ப்பான்.

“அதாவது, ஒரு கடையில டோக்கன் வாங்கிட்டு அடுத்த கடையில போய் பிரியாணி கேக்கச் சொல்றீங்க. அவன் நீ யாருடாங்குறான்.”

“ஆமாம்.”

“இத யாரு போட்டது? ஆத்துக்கு மொற போட்டவரா?”

“ஆமாம். அவரேதான்.”

சிரித்துக்கொண்டிருந்த ஆஸிம் அதற்குமேல் சிரிக்கவில்லை.

அப்படியானால் மேல்பகுதி லஸ்கர்கள் எப்படி நுழைகிறார்கள் என்று வீட்டில் யோசித்துப் பார்த்தேன். காலையில் அங்கே பலரும் ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள். தட்டல்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. சிலருடைய இரண்டாவது தட்டல் தற்செயலாக முதல் சர்வரிடமே போய்ச் சேர்கிறது. ரெத்தினம் கடைமடை. எல்லாரும் முடித்த பிறகு தனியாகத் தட்டுகிறார். குறுக்கே யாரும் இல்லாததால் அவருடைய இரண்டாவது தட்டல் தவறாமல் அடுத்த சர்வருக்கே போகிறது. என் கணக்கில் எங்கோ பிழை இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய அதிகாரிகள் இதைப் பார்க்காமல் இருந்திருப்பார்களா?

செப்டம்பர் 17, புதன்

பார்க்காமல் இல்லை. பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

மாதாந்திரக் கூட்டத்தில் தேநீர் முடிந்ததும் கையைத் தூக்கினேன். ஒருவரை அவர் நுழைந்து முடிக்கும்வரை ஒரே சர்வரிடம் விடலாமா என்று கேட்டேன். கேள்வியை நேற்றே எழுதி மனப்பாடம் செய்திருந்தும் ‘சர்வர்’ என்ற சொல்லை இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

ஆணையச் செயலர் இராஜாங்கம் அன்பாகவே பதில் சொன்னார்.

“தண்ணியப் பங்கு வச்ச மண்ணும்மா இது. வேண்டுகோளப் பங்கு வைக்கத் தெரியாதா? போன மாசக் கணக்கப் பாரு. காவிரிக்கு முப்பத்து மூணு சதவீதம். வெண்ணாத்துக்கு முப்பத்து மூணு. கொள்ளிடத்துக்கு முப்பத்து மூணு. மிச்சம் ஒண்ணு விழிப்புப் பிரிவோட பாதுகாப்புல இருக்கு. தஞ்சாவூர் சரித்திரத்துல இப்படி ஒரு நியாயமான பங்கீடு நடந்திருக்கா? இதுவரைக்கும் எந்த சர்வராவது குறை சொல்லியிருக்கா?”

எந்த சர்வரும் குறை சொன்னதில்லை என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து விழிப்புப் பிரிவு அதிகாரி அறிவுமதி அம்மையார் பேசினார்.

“ஒரே ஆள ஒரே சர்வர் ரெண்டு தடவ பாத்தா பழக்கம் வரும். பழக்கம் வந்தா சலுகை வரும். சலுகைக்குப் பின்னாடி என்ன வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மொதல் தடவ பாத்த சர்வர் ரெண்டாவது தடவ அவனப் பாக்கவே கூடாது. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. நான் எந்த ஊர்லயும் மூணு வருஷத்துக்கு மேல இருந்ததில்ல. எந்த ஊர்லயும் ஒருத்தருக்கும் என்னத் தெரியாது. நேர்மைன்னா அதான்.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இப்போது புரியவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். கொள்ளிடம் சர்வர் போன மாதத்திலிருந்தே பதில் சொல்வதில்லை. அங்கே போகும் முதல் தட்டலுக்கு எண்ணே வருவதில்லை. உயிரோடு இருக்கும் சர்வர்களுக்கு மட்டும் அனுப்பலாமே என்றேன். கொள்ளிடம் அதிகாரி எழுந்துவிட்டார்.

“ஆறு வறண்டா ஆறு இல்லன்னு ஆயிருமா? வறண்டாலும் அதோட மொற அதுக்குத்தான். அதுவும் கொள்ளிடத்துக்குப் போனது எந்தக் காலத்துலம்மா திரும்பி வந்துருக்கு? கடலுக்குப் போறதுதான் அதோட வேல. எங்க சர்வர் அத ஒழுங்காச் செய்யுது.”

முடிவில் என் முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று சர்வரில் குறை என்றால் நான்காவது வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பெயர் குடமுருட்டி. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் திறப்பு விழா. பூவும் விதைநெல்லும் வாங்கும் பொறுப்பு எனக்கு, ஆலோசனை சொன்னவள் என்பதால்.

செப்டம்பர் 18, வியாழன்

இரவெல்லாம் ஒரே யோசனை. அதிகாரிகள் முறையை மாற்ற மாட்டார்கள். சரி, முறைக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறதா? இருக்கிறது. மூன்று சர்வர்கள். ரெத்தினத்தின் முதல் தட்டலுக்கும் இரண்டாவது தட்டலுக்கும் நடுவில் வேறு யாராவது சரியாக இரண்டு தட்டல் தட்டிவிட்டால், முறை ஒரு சுற்றுச் சுற்றி அவர் முதலில் தட்டிய சர்வரிடமே வந்து நிற்கும். அந்த இரண்டு தட்டலையும் என் மேசையிலிருந்து நானே தட்டலாம். எனக்கும் முகம் இருக்கிறதே. முதல் தட்டல் கொள்ளிடத்தில் விழுந்தால் எண் வராது. தவறான எண் போட்டால்தானே கணக்கு, அதனால் அதில் நஷ்டமில்லை, மறுபடி தொடங்கலாம். நாளை குடமுருட்டி வந்துவிடும். ஆகவே இன்றே செய்தாக வேண்டும்.

நான்கு தரம் சரிபார்த்தேன். ஆஸிமிடமும் கேட்டேன். “இது சரியாத்தான் இருக்கு. ஆனா இத நீ செய்ய வேண்டியிருக்கு பாரு, அதத்தான் என்னால நம்ப முடியல” என்றான்.

மதியம், வரும் தட்டல்களைக் காட்டும் என் கணினித் திரையில் ஒன்றும் இல்லை. மேல்பகுதி ஷட்டர்கள் எல்லாம் காலையிலேயே திறந்தாகிவிட்டன. ரெத்தினத்தை அழைத்தேன். மதகடியில் தங்கம்மாளும் நிற்பது குரலில் தெரிந்தது.

“அண்ணே, மூஞ்சியக் காட்டுங்க. நம்பர் வந்ததும் சொல்லுங்க. நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க.”

“காட்டுறேன் மேடம்... நம்பர் வந்துருச்சு.”

“இருங்க.”

“போடட்டுமா?”

“இருங்கண்ணே.”

“ஏன்டா அவசரப்படுற, அது என்னமோ பண்ணுது” என்றார் தங்கம்மாள்.

என் முகத்தைக் காட்டினேன்: ஒன்று. மறுபடி காட்டினேன்: இரண்டு.

“இப்பப் போடுங்க.”

மோட்டார் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். ஒரு கொக்கோ நாரையோ கத்திக்கொண்டு போனது கேட்டது.

“மேடம், நீ யாருன்னு கேக்குது. கீழ குடமுருட்டின்னு போட்டிருக்கு. அது எங்க பக்கத்து ஆறே இல்லியே மேடம்?”

எழுந்து காவிரி அதிகாரியின் அறைக்கு ஓடினேன். அவர் காலண்டரைக் காட்டினார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். செயலருக்குப் பத்தரையைத் தவிர வேறு நேரம் ஒழியவில்லை. ஆகவே குடமுருட்டியை இன்று காலை நல்ல நேரத்திலேயே முறையில் சேர்த்துவிட்டார்கள். ராகு காலத்தில் பூ மட்டும் போடுவது குற்றமில்லையாம்.

நான்கு சர்வர் என்றால் நடுவில் மூன்று தட்டல் வேண்டும். நான் இரண்டு தட்டினேன்; ரெத்தினத்தின் மூன்றாவது தடவையும் போயிற்று. என்னுடைய இரண்டாவது பெரிய தவறு இது. முதலாவதை நான் சிறியது என்று எழுதியிருக்கிறேன்; அதையும் திருத்த வேண்டும்.

தொலைபேசி அணையாமல் கிடந்தது. மறுபடி காதில் வைத்தபோது தங்கம்மாள் என்னிடம் பேசவில்லை. ரெத்தினத்திடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆளுங்கள வர வேணாம்னு சொல்லிரு.”

செப்டம்பர் 19, வெள்ளி

விழா நடந்தது. ஜூனில் நடந்த முதல் திறப்பு விழாவில் செய்தபடியே, மேசைமேல் அதே கணினியை வைத்து, திரையின்மீது எல்லாரும் மலரும் விதைநெல்லும் தூவினார்கள். அன்று தூவியதில் சில நெல்மணிகள் விசைப்பலகையின் இடுக்கில் விழுந்திருக்கின்றன. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் அவை முளைத்து, இப்போது விரல் நீளத்துக்குப் பச்சையாக நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கக் கூடாது என்று செயலர் உத்தரவு. புகைப்படக்காரர் குனிந்து குனிந்து அவற்றைப் படமெடுத்தார்.

செயலர் பேசினார்.

“கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரலன்னு தலைமுறை தலைமுறையா ஒரு பேச்சு உண்டு. இன்னிக்கு நான் பெருமையோட சொல்றேன். மேல்பகுதி விவசாயிக்குக் கெடைக்கிற அதே மறுப்பு, அதே வேகத்துல, ஒரு நொடி கூடத் தாமதிக்காம, கடைமடை விவசாயிக்கும் போய்ச் சேருது. நேத்து மதியம் பூம்புகார் பக்கத்துல ஒரு லஸ்கருக்கு நம்ம குடமுருட்டி தன்னோட முதல் மறுப்ப வழங்கியிருக்கு. திறப்பு விழாவுக்கு முன்னாடியே வேலையத் தொடங்கின சர்வர் இதுதான்!”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. இம்முறை நான் தட்டவில்லை. பூத்தட்டு கையில் இருந்ததால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

சாப்பாட்டு வரிசையில் அறிவுமதி அம்மையாருக்குப் பின்னால் நின்றேன்.

“மேடம், யாராவது உள்ளே நுழையாமலே ஷட்டரத் திறந்துட்டா என்னங்க ஆகும்?”

“எப்படித் திறக்க முடியும்?”

“ஒரு பேச்சுக்குத்தான்.”

“உள்ள நுழையாமத் திறந்தா அது திறந்ததாவே ஆகாது. நம்ம பதிவுல இல்லாதது எதுவும் நடக்கல. கேசரி எடுத்துக்கம்மா.”

எடுத்துக்கொண்டேன்.

எல்லாரும் குடமுருட்டிக்கு முன்னால் குழுப்படம் எடுக்கப் போனபோது முகப்புக் கூடம் காலியாக இருந்தது. கண்ணாடிப் பெட்டியின் அருகே போனேன். ஒவ்வொரு சாவியின் கழுத்திலும் வாய்க்கால் எண் எழுதிய தகடு. ரெத்தினத்தின் வாய்க்கால் எண்ணை மூன்று தரம் ஒப்பிட்டேன், நான்காவது தரமும் ஒப்பிட்டேன். பெட்டியைத் திறக்க முகம் காட்ட வேண்டியிருக்கவில்லை. பூட்டுக்கூட இல்லை. சாவி நான் நினைத்ததைவிடக் கனம்; பூத்தட்டுத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். பெட்டியில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தது. அப்படியே விட்டுவர மனம் வரவில்லை. கழுத்திலிருந்த என் அடையாள அட்டையைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தேன். எடுத்தது யார் என்று அவர்களுக்குச் சிரமமில்லாமல் உறுதியாக வேண்டும்.

திங்கட்கிழமை வேலை இருக்காது என்று நினைக்கிறேன். வகுப்புக்கான பணத்துக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நான் செய்தது சரிதானா என்பதும் தெரியவில்லை. திருகுத்தண்டு துருப்பிடித்திருந்தால்? மோட்டார் குறுக்கே நின்றால்? ரெத்தினத்தை அழைத்து, காலையில் சாவியோடு வருவதாகச் சொல்லி, இரண்டையும் கேட்டேன்.

“சாவியா? நம்ம சாவியா மேடம்?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, தண்டில் நேற்றுத்தான் கிரீஸ் தடவியதாகவும், மோட்டாரைக் கழற்றிவிட நாலு போல்ட்தான் என்றும் சொன்னார். கடைசியில் தயங்கினார்.

“ஆளுங்களுக்கு மறுபடி சொல்லட்டுமான்னு தங்கம்மா கேக்குது.”

சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை.

“ஷட்டர் ஏறட்டும் அண்ணே. தண்ணியப் பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க.”

“அதுவும் சரிதான்” என்றது தங்கம்மாளின் குரல். “காலம்பற அந்தப் பொண்ணுக்கு இட்லி வாங்கி வச்சிருடா, பசியோட வரும்.”

வீட்டில் உம்மா என் பையை நகர்த்தப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள என்னடி நிலோ, அம்மிக்குழவியா?” என்றார். ஆபீஸ் சாமான் என்றேன். ஆபீஸில் இவ்வளவு கனமாகக்கூட வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாளை: விடியற்காலை முதல் பஸ்ஸில் சீர்காழி. அங்கிருந்து பூம்புகார் டவுன் பஸ். மதகடி நிறுத்தத்தில் இறங்கி, சாவியை ரெத்தினம் அண்ணன் கையில் கொடுக்க வேண்டும்.